சுட்டுவிரல் இலக்கணம்: தமிழும் இந்தியச் சைகைமொழியும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டு மண்டகப்பட்டுக்குள் திரும்பி, அந்தப் பாறையின் முன் வந்து நின்றதும் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை கத்திப் பார்ப்பதுதான். குடைவரை அந்தக் குரலை வாங்கித் திருப்பித் தரும். அன்று எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் கத்தினார்கள், இருவர் கத்தவில்லை. அந்த இருவரும் முகப்பின் இரு கோடிகளுக்கு ஓடி, ஆளுக்கொரு வாயிற்காவலர் சிற்பத்தின் முன் நின்றுகொண்டார்கள். நடுவில் இருந்த அத்தனை கூச்சலையும் தாண்டி, கைகளால் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அருகருகே நின்றவர்களுக்கே ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காத வேளை அது.

பிறகு கல்வெட்டை விளக்க வேண்டியிருந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் கொண்ட மன்னன் மகேந்திரவர்மன் எடுப்பித்த கோயில் இது என்று தமிழில் சொன்னேன். அதையே அந்த இருவருக்காகச் சைகையிலும் சொன்னேன். செங்கல், இல்லை. மரம், இல்லை. உலோகம், இல்லை. சுதை, இல்லை. நான்காவது ‘இல்லை’யை முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. கல்வெட்டு வடமொழியில் உள்ளது. அது மறுப்பை ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னொட்டாக வைக்கிறது. தமிழோ பொருளை முதலில் நிறுத்தி, பிறகு இல்லை என்கிறது. இந்தியச் சைகைமொழியும் அப்படியே செய்கிறது. மகேந்திரவர்மனின் வாக்கியத்தைத் தமிழாக்க அதன் வரிசையைப் புரட்ட வேண்டும். தமிழிலிருந்து சைகைக்குக் கொண்டுபோக வரிசையில் எதையும் தொட வேண்டியதில்லை.

தமிழ் கற்பிப்பது என் தொழில். சைகைமொழி நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பது. ஞாயிறுதோறும் விழுப்புரத்தில் காதுகேளாத நண்பர் ஒருவரிடம் பாடம் கேட்கிறேன். மற்ற நாட்களில் அந்த இரண்டு மாணவர்களிடம் கேட்கிறேன். ஒன்று ஒலியால் ஆன மொழி, மற்றொன்று ஒளியால் ஆன மொழி. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, அந்த எண்ணம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

முதலில் வினாவை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘உன் பெயர் என்ன?’ என்கிறோம், வினாச்சொல் கடைசியில் நிற்கிறது. சைகையில் நீ, பெயர், என்ன என்று கை போகிறது. வினா அங்கும் கடைசியில். ஒற்றுமை இதோடு நிற்பதில்லை. எவன், எங்கு, எப்போது, எத்தனை எனத் தமிழின் வினாச்சொற்கள் பலவற்றுக்கும் வேர் ‘எ’ என்ற ஓரெழுத்து. மொழியியலாளர் உல்ரிகே சேஷான் 2000இல் வெளியிட்ட நூலிலும் தொடர்ந்து வந்த ஆய்வுகளிலும் விவரிக்கும் துணைக்கண்டச் சைகைமொழியிலும் பொது வினாச்சைகை ஒன்றே. முகம் என்பதோடு அது சேர்ந்தால் ‘யார்’. இடத்தோடு சேர்ந்தால் ‘எங்கே’. நேரத்தோடு சேர்ந்தால் ‘எப்போது’. எண்ணோடு சேர்ந்தால் ‘எத்தனை’. எவ்விடம், எப்பொழுது என்று நாம் பிரித்துக் காட்டும் அதே கட்டுமானம். ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியது. தமிழில் வினா முன்னே வந்து பொருளைப் பின்னே இழுக்கிறது. சைகையில் பொருள் முன்னே வந்து வினாவைப் பின்னே அழைக்கிறது.

அடுத்தது சுட்டு. அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று ஆறாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிறோம். ‘சுட்டு’ என்ற சொல்லுக்குள் ஒரு விரல் நீண்டிருப்பதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. தமிழ் இலக்கணி ஒலிக்குப் பெயர் வைத்தபோது கையின் வேலையைக் கடன் வாங்கியிருக்கிறார். இவன், அவன் என்ற சொற்கள் பேசுகிறவரின் உடம்பை மையமாக வைத்து உலகை அளக்கின்றன. அருகில் இ, தொலைவில் அ, இடையில் உ. அந்த உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் உதிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் நாவில் உவன், உது என்று இன்றும் வாழ்கிறது. சைகைமொழியிலோ சுட்டு இலக்கணத்தின் அச்சாணி. எதிரில் இருப்பவரை நேராகச் சுட்டலாம். இல்லாதவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் காற்றில் ஓரிடத்தை அவருக்கு ஒதுக்கிவிட்டு, பேச்சு முடியும்வரை அந்த இடத்தையே சுட்டலாம். வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் அத்தை என்று ஒருமுறை நிறுத்திவிட்டால், அதன்பின் பெயர் தேவையில்லை.

இங்கேயே இரண்டும் பிரியவும் செய்கின்றன. தமிழ் சுட்டும்போது அவன், அவள், அவர், அது என்று பாலையும் மரியாதையையும் சேர்த்தே சுட்டுகிறது. தவறான விகுதி வாயில் வந்தால் உறவே கெடும். சைகையின் சுட்டுவிரல் பால் பார்ப்பதில்லை, பதவி பார்ப்பதில்லை. பெரியவர்களை நோக்கி விரல் நீட்டிப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவன் நான். தலைமையாசிரியர் உள்ளே வந்தபோது அவரைச் சுட்டி ‘அவர்’ என்று சொல்ல என் கை கூசியது. அந்த இருவரில் ஒருத்தியான என் மாணவி கூசாமல் சுட்டினாள். அவள் விரலில் அவமதிப்பு இல்லை. அது ஒரு பிரதிப்பெயர், அவ்வளவுதான். கூச்சம் என் தாய்மொழியிலிருந்து நான் சுமந்து வந்த மூட்டை.

மூன்றாவது ஒற்றுமைதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. சைகைமொழியில் ‘கொடு’ என்னும் வினைக்குத் திசை உண்டு. நான் உனக்குக் கொடுத்தால் கை என்னிடமிருந்து உன்னை நோக்கி நகரும். நீ எனக்குக் கொடுத்தால் அதே கை உன்னிடமிருந்து என்னை நோக்கி வரும். யார், யாருக்கு என்ற இரண்டும் அந்த ஓர் அசைவுக்குள் அடங்கிவிடுகின்றன. இது ஒலிமொழிக்கு எட்டாத வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் நினைவுக்கு வந்தது. செலவு, வரவு, தரவு, கொடை என நான்கு வினைகளைத் தனியே எடுத்து, தருவதும் வருவதும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை என்று அது வகுக்கிறது. எனக்குத் தா, உனக்குத் தந்தேன், அவனுக்குக் கொடு. பேசுவோரும் கேட்போரும் நிற்கும் வட்டத்துக்குள் வருகிற வினைக்கு ஒரு சொல், வட்டத்தை விட்டு வெளியே போகிற வினைக்கு வேறொரு சொல். சைகை கையைத் திருப்பிச் செய்வதைத் தமிழ் சொல்லை மாற்றிச் செய்திருக்கிறது. இன்றைய பேச்சில் அந்த வரம்பு தளர்ந்துவிட்டாலும், வினைக்குத் திசை உண்டு என்ற உணர்வு இரண்டு மொழிக்கும் பொது. இந்த நூற்பாவை ஆண்டுக்கணக்கில் நடத்திய எனக்கு, அதன் பொருளைக் கண்முன் காட்டியது ஒரு குழந்தையின் கை.

ஒற்றுமைகளில் மயங்கி வேற்றுமைகளை மறந்துவிடக் கூடாது. தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லுக்குள் வினையும் காலமும் ஆளும் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. சைகையில் வினை காலம் காட்ட உருமாறுவதில்லை. நேற்று, நாளை என்ற காலச் சைகை முதலிலேயே வந்து வாக்கியம் முழுவதற்கும் காலத்தை நிறுவிவிடுகிறது. தமிழில் எட்டு வேற்றுமைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சைகையில் இடமே செய்கிறது. தமிழ் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்கிறது. சைகையில் கை ஒன்றைச் சொல்லும் அதே நொடியில் முகம் இன்னொன்றைச் சொல்கிறது.

முகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நகை, அழுகை, இளிவரல் என்று தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த மரபு நம்முடையது. விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முகம் என்றால் உணர்ச்சி. ஆகவே சைகை பேசுவோரின் முகத்தைப் பார்த்ததும் அது அபிநயம் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே முகத்துக்கு வேறொரு வேலையும் உண்டு. ‘வந்தாய்’ என்பதைத் தமிழ் ‘வந்தாயா’ என்று ஓர் ஆகாரம் சேர்த்து வினாவாக்குகிறது. சைகை புருவத்தை உயர்த்தி, கண்ணை விரித்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து வினாவாக்குகிறது. ஆகாரம் கடைசியில் மட்டும் ஒட்டும். புருவம் வாக்கியத்தின் மேல் குடையாக விரிந்திருக்கும். தமிழில் விகுதி செய்வதைச் சைகையில் புருவம் செய்கிறது. முதல் சில வாரங்கள் என் கை சரியாக இருந்தும் நான் கேட்டது கேள்வி என்றே யாருக்கும் தெரியவில்லை, ஏனெனில் என் முகம் சும்மா இருந்தது.

கையசைவுகளின் தொகுப்பை மொழி என்று சொல்லலாமா என்ற ஐயத்தைத் தீர்த்தவரும் ஓர் ஆசிரியர்தான். வில்லியம் ஸ்டோக்கோ ஆங்கில இலக்கிய ஆசிரியர். 1955இல் வாஷிங்டனில் காதுகேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்குச் சைகை தெரியாது. மாணவர்களோடு பேசுவதற்காகக் கற்கத் தொடங்கியவர், அந்தச் சைகைகள் முழுப்படங்கள் அல்ல, பிரித்துப் பார்க்கக்கூடிய கூறுகளால் ஆனவை என்று கண்டார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசைவு என்று அவர் 1960இல் வகுத்துக் காட்டியவை மூன்று. வால், வாள், வாழ் என்று நாக்கின் இடம் சற்று நகர்ந்தாலே தமிழில் பொருள் நகர்கிறது. கன்னத்தில் நிற்க வேண்டிய கை மார்புக்கு இறங்கினால் சைகையிலும் அப்படியே. தமிழுக்கு எழுத்து எப்படியோ அப்படி இதற்கு இந்தக் கூறுகள். மண்டகப்பட்டில் மரம் இல்லை. ஆனாலும் தூண்கள் இருக்கின்றன, அடியும் முடியும் சதுரமாக, நடு எண்பட்டையாக. சைகையில் ஒலி இல்லை. ஆனாலும் எழுத்திலக்கணம் இருக்கிறது.

இரண்டும் கைமாறும் வழியில்தான் மிகப்பெரிய வேற்றுமை. தமிழ் மேலிருந்து கீழே வருகிறது: பாட்டி, அம்மா, குழந்தை. காதுகேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். ஆகவே சைகைமொழி பெரும்பாலும் பக்கவாட்டில் பரவுகிறது, விடுதியில், விளையாட்டுத் திடலில், ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு. நிகராகுவாவின் மனாகுவா நகரில் 1970களின் பிற்பகுதியில் காதுகேளாத குழந்தைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவைக் கற்பிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பிள்ளைகளோ தங்களுக்குள் புதிய மொழி ஒன்றையே உண்டாக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் பரவும் மொழிக்கு நம் மாநில எல்லைகளும் பெரிதாகத் தெரிவதில்லை. 1970களில் மதன் வசிஷ்டாவும் ஜேம்ஸ் உட்வர்டும் கர்க் வில்சனும் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர்ச் சைகைகளை ஒப்பிட்டபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உறவுடையவையாக இருந்தன. என் தமிழை வைத்துக்கொண்டு தில்லியில் வழி கேட்க முடியாது. என் மாணவி, தில்லிக்குப் போனாலும் ஒரு தோழியைத் தேடிக்கொள்வாள்.

மொழி வரும் திசை இப்படி இருப்பதால், ஆசிரியரின் இடமும் தலைகீழாகிறது. தமிழில் நான் அறிந்தவன். சைகையில் அவர்கள் அறிந்தவர்கள். இதை ஏற்பதற்கு உலகம் நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. பாரிசில் 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதிரியார் தெலெப்பே காதுகேளாத இரட்டைச் சகோதரிகளைச் சந்தித்தார். அவர்களைப் போன்றவர்களிடமிருந்தே சைகையைக் கற்கத் தொடங்கினார். அது அவருடைய பெருமை. பிறகு அதில் பிரெஞ்சு இலக்கணத்தை ஏற்றினார். பெயருக்கு முன் வரும் சார்புச்சொல்லுக்கு ஒரு சைகை, பாலுக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று. மாணவர்கள் அந்தச் சைகைகளைப் பார்த்துப் பிழையில்லாமல் பிரெஞ்சு எழுதினார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைப்பதில்தான் தடுமாறினார்கள். பிள்ளைகளின் சொந்தச் சைகையே போதும், சுமை வேண்டாம் என்று பெபியன் என்னும் இளைஞர் 1817இல் எழுதினார்.

தெலெப்பே செய்த பிழையை நானும் செய்தேன். ‘நேற்று நான் பள்ளிக்கு வந்தேன்’ என்பதைச் சைகையாக்கும்போது ‘கு’ உருபுக்கு ஒரு விரலசைவும் ‘ஏன்’ விகுதிக்கு ஒரு விரலசைவும் நானாகவே உண்டாக்கினேன். இலக்கணம் கெடக் கூடாதே என்ற அக்கறை. மாணவி என் விரல்களையே பார்த்தாள். பிறகு என் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து மெதுவாக மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, தானே செய்து காட்டினாள்: நேற்று, நான், பள்ளி, வா. நான்கே அசைவுகள். கடைசி அசைவிலேயே பள்ளி எந்தத் திசை என்பதும் இருந்தது. தன் மொழி அரைகுறைத் தமிழ் அல்ல என்பதை அவள் எனக்கு அப்படித்தான் சொன்னாள்.

இந்த வகைக் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு முன்னோடிப் பயணமும் உண்டு. அமெரிக்கப் போதகர் தாமஸ் காலடெட் காதுகேளாதோருக்குக் கற்பிக்கும் முறையைத் தேடி ஐரோப்பா போய், 1816இல் லோரன் கிளெர்க் என்னும் காதுகேளாத ஆசிரியரை அழைத்துக்கொண்டு கப்பலேறினார். அந்த 52 நாள் கடற்பயணத்தில் கிளெர்க் ஆங்கிலம் கற்றார், காலடெட் சைகை கற்றார். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். இதற்கு நேர்மாறாக, 1880இல் மிலன் நகரில் கூடிய மாநாடு வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று தீர்மானித்தது. 164 பேராளர்களில் காதுகேளாதவர் ஒருவரே. உலகெங்கும் பள்ளிகளில் கைகள் கட்டப்பட்டன. அதே கல்வி மாநாட்டு வரிசையில் வந்த வான்கூவர் கூட்டம் அந்தத் தீர்மானங்களைப் புறந்தள்ள 2010 வரை ஆயிற்று.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஆனால் இந்தியச் சைகைமொழிக்கென்று தேசிய ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது 2015இல்தான். சைகைமொழியில் தகுதி பெற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பணியும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த மையத்தின் அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எண்களை மட்டும் பார்த்து எடை போடுவது நியாயமில்லை. ஒன்றுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு எழுத்து இருக்கிறது. மற்றொன்றை அன்றாடம் எழுதும் வழக்கமே இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் வேண்டும். பேருந்துப் பலகையும் பாடநூலும் மருந்துச் சீட்டும் எழுத்தில் இருக்கும் ஊரில், படிக்கத் தெரியாமல் அவர்கள் தனித்து வாழ முடியாது. அந்தத் தமிழுக்கு அவர்கள் கண் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். சைகைமொழி அதற்குக் கரை. ஒன்றைத் தள்ளி மற்றொன்று என்பதல்ல. ஒன்றில் ஊன்றி நின்று மற்றொன்றை எட்டுவது.

மீண்டும் மண்டகப்பட்டுக்கு வருகிறேன். அந்தக் கல்வெட்டு ஒரு கோயிலை அதில் இல்லாதவற்றால் வருணிக்கிறது. நாமும் என் மாணவியை அப்படித்தான் வருணிக்கிறோம்: காதுகேளாதவர், செவித்திறன் குறைந்தவர். ‘கேளாத’, ‘குறைந்த’. மன்னன் இன்மையைச் சொன்னது பெருமையாக. நாம் இன்மையைச் சொல்வது இரக்கமாக. இரண்டு பட்டியலுமே எது இல்லை என்பதோடு நின்றுவிடுகின்றன.

அன்று நான்கு ‘இல்லை’களையும் பார்த்து முடித்ததும் அவள் புருவம் ஏறியது. என்னைப் பார்த்துக் கேட்டாள்: இருப்பது, என்ன?

அப்போதுதான் கவனித்தேன். அந்தக் கல்வெட்டு நான்கு பொருள்களை இல்லை என்று பெயர் சொல்லி விலக்குகிறது. கல் என்ற பெயரை அது சொல்வதே இல்லை. பதிலுக்கு எந்தச் சைகை என்று யோசித்தேன். பிறகு யோசனையை விட்டுவிட்டுக் கையை நீட்டி, நாங்கள் நின்றிருந்த பாறையைச் சுட்டினேன். அவள் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினாள்.